சாவியைக் கேட்பவரிடம் நாம் கேட்க வேண்டியவை

சென்ற தவணையில் ஒருநாள், உயர்தர வணிகப் பிரிவு மாணவன் ஒருவன் தமிழ்ப் பாடம் முடிந்து நான் புத்தகத்தை மூடும் நேரத்தில் எழுந்து கேட்டான்: "சேர், பேங்க்ல பெரிய ஆளா இருந்தவங்க மினிஸ்டரா வந்தா நாட்டுட கடன் தீருமா?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுடைய வாப்பா கற்பிட்டிப் பக்கம் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. அதே வருடம் ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. அந்தக் கிழமைகளில் எங்கள் கரையில் எத்தனை வள்ளங்கள் மணலில் ஏறிக் கிடந்தன என்பதை அந்தப் பிள்ளை எண்ணிப் பார்த்தவன். அவனுக்கு இது பொது அறிவுக் கேள்வி இல்லை.

அன்று மணி அடித்துவிட்டதால் "பிறகு சொல்லுறேன்" என்று வந்துவிட்டேன். அந்தப் பிறகுதான் இந்தக் கட்டுரை. நான் பொருளியல் படித்தவன் அல்லன், தமிழ் படித்தவன். ஆனாலும் பணத்தைக் கையாளப் பழகியவர்கள் ஆட்சிக்கு வந்த கதை நமது நாட்டிலும் முஸ்லிம் உலகிலும் தமிழ்நாட்டிலும் இருக்கிறது. அதில் ஒரு பகுதி எங்கள் புத்தளத்தோடும் தொடர்புடையது.

பணம் வங்கிக்கு வருமுன்

புத்தளம் பழைய துறைமுகம். 1344இல் இப்னு பதூதா இலங்கையில் வந்திறங்கியதாக எழுதும் 'பத்தாலா' என்ற இடத்தைப் புத்தளமாகவே ஆய்வாளர் பலரும் கொள்கின்றனர். ஆரியச் சக்கரவர்த்தியை அங்கே சந்தித்ததையும், முத்துக்களைக் கண்டதையும், பாவா ஆதம் மலைக்குப் போக அவரிடம் உதவி பெற்றதையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். முத்து, உப்பு, கருவாடு, கொப்பரா என்று எது போனாலும் எங்கள் கரையில் வியாபாரம் நடந்தே வந்தது. அந்த வியாபாரத்தின் பின்னால் கடனும் இருந்தது.

அந்தக் கடன் நெடுங்காலம் மனிதர்களிடமே இருந்தது. மீன்பிடிக் கிராமத்தில் சம்மாட்டி முன்பணம் கொடுப்பார். பிடித்த மீன் அவருக்கே போகும். ஊருக்குள்ளே கடை முதலாளியின் கொப்பி. கொழும்பில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். ஆங்கிலேய வங்கிகள் தோட்டங்களுக்கும் ஏற்றுமதிக் கம்பனிகளுக்கும் கடன் கொடுத்தன. சுதேச வியாபாரிக்கு நேரடியாகக் கொடுக்க அவை தயங்கின. செட்டியார் அந்த வங்கிகளில் பணம் எடுத்து, தம் பொறுப்பில் சுதேசிகளுக்குக் கொடுத்தார். 1930களின் பொருளாதார மந்தத்தில் இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. 1934இல் சேர் சொராப்ஜி பொச்கன்வாலா தலைமையில் வங்கி ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. அவர் இந்தியாவின் சென்ட்ரல் வங்கியை ஆரம்பித்தவர். அந்த வழியிலேயே 1939 ஓகஸ்ட் 1ஆம் திகதி இலங்கை வங்கி திறக்கப்பட்டது. 1950இல் மத்திய வங்கியும் 1961இல் மக்கள் வங்கியும் வந்தன.

முஸ்லிம்களுக்கு வங்கியோடு வேறொரு சங்கடமும் இருந்தது. வட்டி ஹராம். நடைமுறைக் கணக்கில் பணம் போட்டு வட்டி எடுக்காதவர்கள் இருந்தார்கள். வந்த வட்டியைத் தொடாமல் பொது வேலைகளுக்குக் கொடுத்துவிட்டவர்களும் இருந்தார்கள். வியாபாரத்தில் பேர் எடுத்த சமூகம் வங்கி உத்தியோகத்தில் அந்த அளவுக்குப் பேர் எடுக்காததற்கு இந்தத் தயக்கமும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். இலாப நட்டப் பங்கீட்டு முறைக்கு 2005ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தம் இடம் கொடுத்தது. 2011 ஓகஸ்ட் 1ஆம் திகதி அமானா வங்கி வங்கியாகவே இயங்கத் தொடங்கியது.

ஆகவே நாட்டின் பெட்டகச் சாவி ஒரு முஸ்லிமின் கைக்கு முதலில் வந்தபோது, அது வங்கி வழியாக வரவில்லை. ஊர் வழியாக வந்தது.

ஊர் வழியாக வந்தவர்

புத்தளம் தேர்தல் தொகுதி அளவில் சிறியது. தேசிய அரசியலில் அதற்குக் கிடைத்த இடம் பெரியது. இத்தொகுதியின் உறுப்பினர் எச்.எஸ். இஸ்மாயில் 1956இல் சபாநாயகர் ஆசனத்தில் அமர்ந்தார். பின்னர் ஐக்கிய தேசியக் கட்சி சார்பில் இத்தொகுதியைப் பிரதிநிதித்துவப்படுத்திய மர்ஹூம் எம்.எச்.எம். நெய்னா மரிக்கார், ரொனி டி மெல்லுக்குப் பின் 1988இல் நிதியமைச்சரானார். 1989 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

ஊர்ப் பெரியவர்கள் இப்போதும் இதைச் சொல்வார்கள். "நம்மட ஊரு ஆளுட கையில நாட்டுட பெட்டிச் சாவி இருந்திச்சு, தம்பி" என்று தேநீர்க் கடையில் சொல்லும்போது அவர்கள் குரலில் ஒரு பெருமை இருக்கும். அது நியாயமான பெருமை. நாட்டின் தெற்கும் வடக்கும் எரிந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு கரையோர நகரத்தின் பிரதிநிதிக்குத் திறைசேரி ஒப்படைக்கப்பட்டது சிறிய விடயம் அல்ல.

அவருக்கு முன்னிருந்த ரொனி டி மெல் வேறு பாதையால் வந்தவர். அவர் சிவில் சேவை அதிகாரியாக இருந்து அரசியலுக்கு வந்து, 1977 முதல் 1988 வரை நிதியமைச்சராக இருந்தார். அவருக்கும் ஒரு தொகுதி இருந்தது, தெற்கே தெவிநுவர. அந்தக் காலத்தில் நிதியமைச்சராக வர விரும்புகிறவர் எந்தத் தொழிலிலிருந்து வந்தாலும் முதலில் ஏதோ ஓர் ஊரின் வாசலில் நின்று வாக்குக் கேட்டாக வேண்டும். வெள்ளம் வந்தாலும் மீன் விலை விழுந்தாலும் அந்த ஊர்க்காரன் அவருடைய வீட்டுக் கதவைத் தட்டுவான்.

தேசியப் பட்டியல் திறந்த கதவு

1978 அரசியலமைப்பு தொகுதி முறையை நீக்கி, மாவட்ட அடிப்படையிலான விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்தது. 1988இல் வந்த 14ஆவது திருத்தம் தேசியப் பட்டியலைச் சேர்த்தது. 225 ஆசனங்களில் 196 மாவட்டங்களிலிருந்தும், 29 தேசியப் பட்டியலிலிருந்தும் நிரப்பப்படும். 1989 பொதுத் தேர்தலில்தான் இந்த முறை முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது.

இதனால் இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடந்தன. புத்தளம் தொகுதி மாவட்டத்துக்குள் கரைந்தது. மாவட்டத்தில் நாம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர். பெரிய கட்சிகளின் விருப்பு வாக்குப் போட்டியில் நமது வாக்கு சிதறியது. மறுபக்கத்தில், எந்த ஊரிலும் வாக்குக் கேட்காத நிபுணர்களுக்குப் பாராளுமன்றத்தின் பக்கக் கதவு திறந்தது. தேர்தல் மேடைக்கு ஒத்துவராத அறிஞர்களையும் துறைசார்ந்தவர்களையும் சபைக்குக் கொண்டுவரத்தான் இந்தப் பட்டியல் என்று சொல்லப்பட்டது. தோற்றவர்களுக்கு ஆறுதல் பரிசாக அது போனதும் உண்டு என்பதை நாம் அறிவோம்.

சொன்ன நோக்கத்துக்குப் பொருந்தி வந்தவர்களில் எரான் விக்கிரமரத்ன குறிப்பிடத்தக்கவர். சிட்டி வங்கியில் பணியாற்றிய அவர், பின்னர் தேசிய அபிவிருத்தி வங்கியின், அதாவது என்.டி.பி.யின், பிரதான நிறைவேற்று அதிகாரியானார். அது 1979இல் அரச அபிவிருத்தி வங்கியாக ஆரம்பிக்கப்பட்டு, பின்னர் தனியார்மயமாகி வர்த்தக வங்கியாக மாறிய நிறுவனம். 2010இல் அந்தப் பதவியை விட்டுவிட்டு, ஐக்கிய தேசியக் கட்சியின் தேசியப் பட்டியல் மூலம் பாராளுமன்றம் வந்தார். அந்தத் தேர்தலில் அவருடைய கட்சி தோற்றிருந்தது. நாட்டின் முன்னணி வங்கியொன்றின் தலைமை நாற்காலியை விட்டுவிட்டு எதிர்க்கட்சி வாங்கில் போய் உட்காருவது இலாபக் கணக்குப் பார்த்துச் செய்கிற வேலை அல்ல. 2015 ஆட்சி மாற்றத்துக்குப் பின் பிரதி அமைச்சராகவும், பிற்காலத்தில் நிதி இராஜாங்க அமைச்சராகவும் இருந்தார்.

அவருடைய கொள்கைகளை ஏற்கலாம், ஏற்காமல் விடலாம். எங்கள் மாணவனின் கேள்விக்கு இங்கே ஒரு பாதிப் பதில் கிடைக்கிறது. வங்கியில் இருந்தவரும் அரசியலுக்கு வரலாம், ஒழுங்காகவும் வரலாம். ஆனால் அவர் வந்ததும் கடன் தீர்ந்துவிடவில்லை. ஒரு வங்கியில் தலைமை அதிகாரி வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். அமைச்சரவையில் அவர் பலரில் ஒருவர். அவருக்கு மேலே கட்சி, கட்சிக்கு மேலே கூட்டணி, எல்லாவற்றுக்கும் மேலே அடுத்த தேர்தல்.

மூன்று ஊர்களின் கதை

நமது நாட்டுக்கு வெளியே பார்த்தால் படம் இன்னும் தெளிவாகிறது.

கராச்சியில் பிறந்த ஷவ்கத் அஸீஸ் 1969இல் சிட்டி வங்கியில் சேர்ந்து, முப்பது வருடங்கள் பல நாடுகளில் பணியாற்றி உயர் பதவிக்கு வந்தவர். 1999 ஒக்டோபரில் ஜெனரல் முஷர்ரப் ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த மாதமே அஸீஸ் பாகிஸ்தானின் நிதியமைச்சரானார். 2004இல் அவரைப் பிரதமராக்க முடிவானபோது, அதற்குத் தேசிய சபையில் ஓர் ஆசனம் தேவைப்பட்டது. அட்டொக், தார்பார்க்கர் என்ற இரண்டு தொகுதிகளில் இடைத்தேர்தல் வைத்தார்கள். இரண்டும் அவர் வளர்ந்த ஊர்கள் அல்ல. ஜூலை 30ஆம் திகதி பிரசாரத்தின்போது அவர்மீது தற்கொலைத் தாக்குதல் நடந்தது. அவருடைய சாரதி உட்படப் பலர் உயிரிழந்தனர், அவர் தப்பினார். ஓகஸ்ட் 28இல் பிரதமரானார். 2007 நவம்பரில் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் நாட்டை விட்டுப் போனார். வெளிநாட்டுச் செலாவணி இருப்பு அவர் காலத்தில் உயர்ந்தது என்று சொல்வார்கள். அவரைத் தேடி வந்து குறை சொல்ல ஓர் ஊர் அவருக்கு இருந்ததா என்று கேட்டால் பதில் இல்லை.

துருக்கியின் அப்துல்லாஹ் குல் வேறு மாதிரி. அவர் 1983 முதல் 1991 வரை ஜித்தாவில் இஸ்லாமிய அபிவிருத்தி வங்கியில் பொருளியலாளராக இருந்தார். பிறகு நாடு திரும்பி, தான் பிறந்த கைசேரியில் வாக்குக் கேட்டு 1991இல் பாராளுமன்றம் சென்றார். 2002இல் பிரதமர், பின்னர் வெளிநாட்டமைச்சர், 2007 முதல் 2014 வரை ஜனாதிபதி. உச்சிக்குப் போக அவருக்குப் பதினாறு வருடங்கள் பிடித்தன. இடையில் கட்சி தடைசெய்யப்பட்டதையும் எதிர்க்கட்சி வாழ்க்கையையும் பார்த்தார்.

தமிழ்நாட்டில் பழனிவேல் தியாகராஜன். பாட்டனார் பி.டி. ராஜன் 1936இல் சென்னை மாகாண முதலமைச்சர். தந்தை பழனிவேல்ராஜன் சட்டமன்றச் சபாநாயகராகவும் அமைச்சராகவும் இருந்தவர். இவரோ அமெரிக்காவில் படித்து, லேமன் பிரதர்ஸிலும் சிங்கப்பூரில் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கியிலும் உயர் பதவி வகித்து, 2016இல் மதுரை மத்திய தொகுதியில் வென்றார். 2021 மே மாதம் நிதியமைச்சரானார். மூன்று மாதத்தில், ஓகஸ்ட் 9ஆம் திகதி, மாநிலத்தின் நிதிநிலை பற்றிய வெள்ளை அறிக்கையை வெளியிட்டார். ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் இருக்கிறது என்ற கணக்கு அன்று வீட்டுக்கு வீடு பேசப்பட்டது. இது ஒரு வங்கியாளரால் செய்யக்கூடிய நல்ல வேலை. ஐந்தொகையைத் திறந்து, கடன்காரனுக்குத் தன் கடனைக் காட்டுவது. ஆனால் 2023 மே மாதம் நிதி இலாகா அவரிடமிருந்து மாற்றப்பட்டு, தகவல் தொழில்நுட்பம் கொடுக்கப்பட்டது. கணக்குத் தெரிந்தவரை நிதியில் வைத்திருப்பதா என்பதைக் கணக்குத் தீர்மானிப்பதில்லை, அரசியல் தீர்மானிக்கிறது.

வகுத்தல் என்ற நான்காவது வேலை

இங்கே எனக்குத் தெரிந்த துறைக்கு வருகிறேன். வள்ளுவர் பொருட்பாலில் அரசின் பொருட் கடமையை நான்காகப் பகுத்திருக்கிறார். வருவாய்க்கு வழி உண்டாக்குவது, வந்ததைச் சேர்ப்பது, சேர்த்ததைக் காப்பது, காத்ததைப் பங்கிடுவது. உயர்தர வகுப்பில் இதைப் படிப்பிக்கும்போது முன்பெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவேன். 2022க்குப் பிறகு நான்காவதில் வந்து நின்றுவிடுகிறேன்.

முதல் மூன்றும் வங்கியாளருக்குப் பழகிய வேலைகள். நான்காவதை வங்கி செய்வதில்லை. அதைச் செய்ய வேண்டிய இடமும் அது அல்ல. வங்கி ஈடு உள்ளவனுக்குக் கொடுக்கும். திருப்பித் தர முடியாதவனைத் திருப்பி அனுப்பும். அது அதன் முறை. வைப்பாளர்களுடைய பணத்தைக் காப்பாற்ற வேண்டிய கடமை அதற்கு உண்டு. அரசு அப்படித் திருப்பி அனுப்ப முடியாது. ஈடு எதுவும் இல்லாதவனும் அதன் பிரஜைதான்.

எங்கள் கரை இதை 1990இல் கண்ணால் பார்த்தது. அந்த ஒக்டோபர் மாதக் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். யாழ்ப்பாணத்தவர்களுக்கு இரண்டு மணித்தியால அவகாசம். மன்னார்ப் பக்கத்தவர்களில் பெருந்தொகையினர் வள்ளங்களில் கற்பிட்டியில் வந்திறங்கினார்கள். நான் அப்போது சின்னப் பிள்ளை. எங்கள் பள்ளிக்கூடம் மூடப்பட்டு வகுப்பறைகளில் குடும்பங்கள் தங்கின. உம்மா சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு போனது நினைவிருக்கிறது. வந்தவர்களில் காணி உள்ளவர்கள், கடை வைத்திருந்தவர்கள், லொறி வைத்திருந்தவர்கள் எல்லாம் இருந்தார்கள். ஆனால் உறுதி இல்லை, நகை இல்லை, கணக்குப் புத்தகம் இல்லை. எந்த வங்கியின் கடன் விண்ணப்பத்திலும் அவர்களால் ஒரு கோட்டைக்கூட நிரப்பியிருக்க முடியாது. அவர்களுக்கு முதலில் சோறு போட்டது ஊர். பிறகு வந்த உலர் உணவு நிவாரணம் அரசின் வகுத்தல். அந்தப் பங்கீடு எங்கள் ஊர் மக்களுக்கும் வந்தவர்களுக்கும் இடையே வருடக்கணக்கில் மனக்கசப்பையும் உண்டாக்கியது. பாடசாலை இடம், தண்ணீர், வேலை, வாக்கு எல்லாவற்றிலும் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி எழுந்தது. வகுத்தல் எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டாம்.

மண்ணெண்ணெய் விலையையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 87 ரூபாவுக்கு விற்றபோது கூட்டுத்தாபனம் நட்டப்பட்டது. அந்த நட்டம் கடனாகக் குவிந்தது. கணக்குத் தெரிந்தவர் விலையை ஏற்றத்தான் சொல்வார். அதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் ஏற்றுகிற அன்றே வள்ளக்காரனுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்பவரும் அந்த மேசையில் இருக்க வேண்டும். வள்ளக்காரன் வாக்குக் கேட்டுப் போன இடத்தில் பார்த்த முகமாக இருந்தால், அந்தக் கேள்வி சற்று முன்னதாகவே வரும். தொகுதி என்ற பழைய முறை கற்றுக்கொடுத்தது இதைத்தான்.

இரண்டு தகுதிகள்

நபி யூஸுப் (அலை) அவர்களின் வரலாற்றை நாம் ஜும்ஆ மேடைகளில் பொறாமைக்கும் பொறுமைக்கும் உதாரணமாகக் கேட்டிருக்கிறோம். அது ஒரு நிதி நிர்வாகத்தின் வரலாறும்கூட. சிறையிலிருந்து வெளியே வந்தவர் அரசனிடம் களஞ்சியங்களின் பொறுப்பைத் தாமே கேட்டு வாங்குகிறார். அப்போது அவர் தமக்கு இருப்பதாகச் சொன்ன தகுதிகள் இரண்டு: பேணிக் காப்பவர், அறிந்தவர். குலத்தைச் சொல்லவில்லை, அந்த நாட்டில் அவருக்குக் குலமும் இல்லை. ஏழு வருட விளைச்சலைச் சேர்த்து, பஞ்சத்தில் தலைக்கு ஓர் ஒட்டகச் சுமை என்று அளந்து கொடுத்தார். தம்மைக் கிணற்றில் போட்ட சகோதரர்கள் வந்தபோதும் அளவு குறையவில்லை. வள்ளுவர் சொன்ன நான்கு வேலைகளும் அதில் முழுதாக இருக்கின்றன.

அறிவை நாம் சான்றிதழில் பார்க்கலாம். பேணுதலை எதில் பார்ப்பது? அதற்கும் நமது வரலாறு வழி காட்டியிருக்கிறது. அபூபக்ர் (ரழி) அவர்கள் துணி வியாபாரி. கலீபாவாகப் பொறுப்பேற்ற மறுநாள் காலையிலும் வழக்கம்போலத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் புறப்பட்டார். உமர் (ரழி), அபூஉபைதா (ரழி) இருவரும் வழியில் கண்டு தடுத்தார்கள். பைத்துல்மாலிலிருந்து ஒரு குடும்பச் செலவுக்குப் போதுமான தொகை குறிக்கப்பட்டது, வியாபாரம் நின்றது. வபாத்தாகும் வேளையில், பொதுச் சொத்திலிருந்து தம்மிடம் வந்து எஞ்சியிருந்தவற்றை அடுத்த கலீபாவிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உமர் (ரழி) ஆட்சிக்கு வந்ததும் ஆளுநர்களை நியமிக்கும்போதே அவர்களுடைய சொத்தைக் கணக்கெடுத்தார்கள். பிறகு வந்த பெருக்கத்துக்கு விளக்கம் கேட்டார்கள்.

இன்று உலகம் இதற்கு வேறு பேர்கள் வைத்திருக்கிறது. கோல்ட்மன் சாக்ஸ் வங்கியில் இருந்து, பின்னர் கனடாவிலும் இங்கிலாந்திலும் மத்திய வங்கி ஆளுநராக இருந்த மார்க் கார்னி, 2025 மார்ச்சில் கனடாவின் பிரதமரானார். தன் முதலீடுகளைத் தான் பார்க்கவோ கையாளவோ முடியாத ஒரு நம்பிக்கைப் பொறுப்பில் வைத்ததாக அறிவித்தார். நமது நாட்டில் சொத்துப் பொறுப்பு வெளிப்படுத்தல் சட்டம் 1975இலேயே வந்தது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அதன் இடத்தை எடுத்தது. சட்டம் இருந்தது; நாம்தான் கேட்கவில்லை.

கேட்காததன் விலையை நாடு பார்த்தது. 2015 பெப்ரவரி 27இல் மத்திய வங்கி நடத்திய திறைசேரி முறி ஏலம் நினைவிருக்கலாம். அப்போதைய ஆளுநர் அர்ஜுன மகேந்திரன் சர்வதேச வங்கிகளில் அனுபவம் பெற்றுவந்தவர். ஏலத்தில் பங்குபற்றிய நிறுவனம் அவருடைய மருமகனோடு தொடர்புடையது. ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்தது, வழக்குகள் வந்தன, தொழிலாளருடைய ஊழியர் சேமலாப நிதியும் அந்த விசாரணையில் பேசப்பட்டது. அறிவு குறைந்ததால் வந்த பிரச்சினை அல்ல அது. சொந்தமும் பொதுவும் ஒரே அறையில் இருந்ததால் வந்த பிரச்சினை.

மற்றவர்களைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு மரியாதை இல்லை. மூன்று தசாப்தங்களாக மாவட்டத்திலிருந்து நமக்கொரு உறுப்பினர் தெரிவாகவில்லையே என்ற ஏக்கத்தோடு, 2020இல் புத்தளம் முஸ்லிம்கள் ஒன்றுபட்டு, தராசுச் சின்னத்தில் வாக்களித்து, ஓர் ஆசனம் பெற்றார்கள். அன்று ஊரே பெருநாள் போல இருந்தது, நானும் சந்தோஷப்பட்டவன். 2023 மே மாதம் அந்த உறுப்பினரின் பயணப் பொதியில் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட தங்கமும் கைத்தொலைபேசிகளும் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பிடிபட்டன. சுங்கம் 75 இலட்சம் ரூபா தண்டம் விதித்தது. அது தன்னுடையது அல்ல என்று அவர் சொன்னார். அவர் விளக்கம் அவருக்கு. அடுத்த நாள் வகுப்பில் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் கரும்பலகையைப் பார்த்தேன். தராசில் வாக்குப் போட்டபோது "நம்மட ஆளா?" என்று மட்டுமே நாம் கேட்டோம்.

மாணவனுக்கு

அடுத்த தவணை தொடங்கியதும் அந்த மாணவனுக்கு நான் சொன்னது இதுதான். மகன், வங்கியிலிருந்து வருவது தகுதிக் குறைவும் இல்லை, தனித் தகுதியும் இல்லை. அவருக்கு ஐந்தொகை வாசிக்கத் தெரியும். அது நாட்டுக்குத் தேவை. 2022க்குப் பிறகு யாரும் அதை வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் சாவியைக் கேட்டு வருகிறவர் வங்கியிலிருந்து வந்தாலும், கடையிலிருந்து வந்தாலும், நம்மட தெருவிலிருந்தே வந்தாலும், மூன்று விடயம் கேட்க வேண்டும். கணக்குத் தெரியுமா? கணக்கில் பேரில்லாதவனுக்குப் பங்கிடத் தெரியுமா, அதைக் கேட்க எந்த ஊர் உம்மைத் தேடி வரும்? உள்ளே போகுமுன் உமது துணி மூட்டையை எங்கே இறக்கி வைத்தீர்?

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டான்: "சேர், இத அவங்கள்ட்ட யாரு கேக்குறது?"

அவனுக்கு அடுத்த வருடம் வாக்குரிமை வருகிறது. அதைத்தான் பதிலாகச் சொன்னேன்.